சக்கரவர்த்திக்குக் கொடுத்த உடம்பு

எங்கள் சக்கரவர்த்தி செத்தாலும் செத்தார், வேலை முழுக்க என் தலையில் விழுந்தது.

வியன்னாவில் ட்ராக்ஸ்லரின் படக்கடையில் படங்களைத் திருத்துகிறவள் நான். சுருக்கத்தை எடுப்பேன், ஒட்டிய கன்னத்துக்குச் சதை வைப்பேன். யுத்தம் வந்தபின் அஞ்சலட்டைதான் பிழைப்பு. எங்கள் கிழவர், ஜெர்மன் கைசர், துருக்கி சுல்தான், பல்கேரிய ராஜா, நால்வரும் தோளோடு தோள் நிற்பதுபோல ஒரு படம். அப்படி நால்வரும் சேர்ந்து நின்றதை யார் பார்த்தார்கள்? நான்தான் கத்தரித்து, ஒட்டி, ஒட்டுத் தெரியாமல் பூசி அவர்களைக் கூட்டாளிகளாக்கினேன். 1916 நவம்பரில் கிழவர் போய் இளையவர் பட்டத்துக்கு வந்தார். உடனே அட்டையை மாற்ற வேண்டும்.

புதியவரின் மார்பளவுப் படம் மட்டுமே கைக்குக் கிடைத்திருந்தது.

"தலை இருக்கு, ரோசாலியா. உடம்புதான் இல்ல," என்றார் ட்ராக்ஸ்லர். "ஒல்லியா, போர் உடுப்புல நேரா நிக்கிற ஆளு வேணும். உன் வீட்டுக்காரரு படம் இருக்குமே?"

"டிராம் ஓட்டுறவன் மேல ராஜா தலையா? நல்லாயிருக்கே நியாயம்!"

"கழுத்துக்குக் கீழ எல்லாரும் ஒண்ணுதாம்மா."

என் கணவன் ஏங்கல்பெர்ட்டுக்குப் படமெடுத்துக்கொள்வது என்றாலே வேப்பங்காய். இரண்டு வருஷத்துக்கு முன் போர்முனைக்குப் புறப்பட்ட காலையில் நச்சரித்து எடுத்த ஒன்றுதான் இருந்தது. படம் பதியும் கண்ணாடித் தட்டுக்குப் பஞ்சம் வந்ததில் அதன் மூலத்தட்டையும் முதலாளி சுரண்டி வேறு படத்துக்குப் பயன்படுத்திவிட்டார்; இன்னொரு நகல் எடுக்க வழியில்லை.

அப்படியும் கொடுத்தேன். தனிமைதான் காரணம், வேறென்ன? இரண்டு மாதமாக அவனிடமிருந்து அச்சடித்த அட்டை மட்டுமே வந்தது. 'நான் நலம், எல்லாம் சரியாக இருக்கிறது' என்று ஒன்பது மொழிகளில் இருக்கும். பட்டாளத்தில் கடிதத்துக்குத் தடை; கூட ஓர் எழுத்து எழுதினாலும் அட்டை வந்து சேராது. ஒன்பது மொழியில் நலமாக இருக்கிறவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அவன் கையால் ஒரு வார்த்தை வேண்டும், வசவானாலும் சரி. தன் உடம்பு சுல்தான் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தால், தடை நீங்கியதும் முதல் வேலையாக எழுதுவான் என்று நினைத்தேன்.

கழுத்தில் கத்தரியை வைத்து வெட்டினேன். வெட்டிய தலை நகத்தளவுதான் இருந்தது. எடுத்து வைப்பதற்குள் ட்ராக்ஸ்லர் கதவைத் திறந்தார், காற்று அதை அடித்துக்கொண்டு போனது. முழங்காலிட்டு அரைநாள் தேடினேன். கிடைக்கவில்லை.

"ஆளே வந்துருவாரு, படத்துக்குப் போய் ஏம்மா அழற?" என்றார். நானும் நம்பினேன், பைத்தியக்காரி.

அட்டை அமோகமாக விற்றது. ரொட்டிக் கடையில், அஞ்சலகத்தில், டிராம் நிறுத்தத்தில், ஊரெல்லாம் அவன் நின்றான். வீட்டில் மட்டும் நான் தனியாக உருளைக்கிழங்கு தின்றேன். முதல் அட்டையை இப்படி எழுதி அவனுக்கே அனுப்பியிருந்தேன்: "இந்த நாலு பேர்ல நான் யாரைக் கட்டிக்கிட்டேன், கண்டுபிடி பாப்போம்!"

பிப்ரவரியில் அது திரும்பி வந்தது. முகவரியின் மேல் நீலப் பென்சிலில் ஒரே சொல்: 'இறந்தார்'. பார்த்தானா, சிரித்தானா, ஒன்றும் தெரியாது.

அவனுக்காகத் தேவாலயத்தில் வைக்கும் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க நினைவு அட்டை அச்சடிக்க வேண்டும். பாதிரியார் அவன் முகப்படம் கேட்டார்.

"ஒரு படங்கூடவா இல்ல? படக்கடையிலதானே வேல பாக்கறே?"

"உடம்பு இருக்கு, சாமி. ஆயிரக்கணக்குல இருக்கு."

அவருக்குப் புரியவில்லை. வரைந்து கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கைசரின் மீசையையும் சுல்தானின் தாடியையும் கண்ணை மூடிக்கொண்டே போடுகிறவள் நான். ஏங்கல்பெர்ட் தூரிகைக்கு வரவில்லை. மூக்கு நீளமா, கட்டையா? புருவம் கூடியிருக்குமா, விலகியிருக்குமா? மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் அந்தக் கழுத்தின்மேல் புதிய சக்கரவர்த்தியே வந்து உட்கார்ந்தார்.

நினைவு அட்டையில் பெயரும் தேதியும் மட்டும் அச்சாயின. படம் வர வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"வரைய நேரம் கெடைக்கல, சாமி," என்று பொய் சொன்னேன். கட்டியவன் முகம் மறந்துபோயிற்று என்று எந்த வாயால் சொல்வேன்?