கைவிடப்பட்ட வலை

இஞ்ஞாசி அண்ணன் என்னைத் தன் வீட்டுக்கு வரச்சொல்லி, அவருடைய வலையில் ஒரு துண்டை என் மடியில் போட்டார். குப்பைக் கிடங்கில் தேடி எடுத்தது. மிச்சம் கிடைக்கவில்லை.

"பாத்தியா ஏளா, கத்தி வச்சு அறுத்து மூட்டை கட்டியிருக்கானுவ. கேட்டா, போன்ல உள்ள படத்துல குப்பைன்னு இருந்துச்சுன்னு லாரிக்காரன் சொல்லுதான். எவன் அப்படிப் போட்டான்னு பாத்துச் சொல்லு டெல்பினு. உனக்குத்தான் அதெல்லாம் தெரியும்."

எனக்குத்தான் தெரியும். வேம்பாரிலிருந்து தெற்கே கடற்கரைக் குப்பையை இலவச வரைபடச் செயலியில் பதிவது என் வேலை. குப்பை கிடக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து, பாட்டிலா, பையா, கைவிடப்பட்ட வலையா என்று வகை சொல்ல வேண்டும். துப்புரவுக்கு வருகிறவர்கள் புள்ளியைப் பார்த்துப் போய் அள்ளுவார்கள். மற்ற ஊர்களில் மணலில் இறங்கி நடந்தேன். எங்கள் ஊரில் மட்டும் இறங்கவில்லை. அன்று ஞாயிறு, பூசை முடிந்து சனமெல்லாம் தெருவில் நின்றது. காலேஜ் படித்துவிட்டுக் குப்பை பொறுக்குகிறாள் என்று சித்திமார் சிரிப்பார்களே என்று, ஸ்கூட்டியில் உட்கார்ந்தபடியே ரோட்டிலிருந்து பார்த்தேன். நீலமாக ஒரு குவியல், பக்கத்தில் ஆளில்லை. கைவிடப்பட்ட வலை என்று தட்டிவிட்டுப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. வலைகள் மணலில் சும்மாதான் கிடக்கும். கடலே இல்லாத நாசரேத்துக்காரர் யாராவது இந்தத் தப்பைச் செய்திருந்தால், கடல் தெரியாதவர் என்று விட்டுவிடலாம். நான் வலைக்குவியல் மேல் தூங்கி வளர்ந்தவள். அடுத்த ஞாயிறு எல்லோரும் பூசையில் இருந்த நேரம் பார்த்து லாரி வந்து அண்ணனின் வலையை அள்ளிப்போய்விட்டது. இப்போது அண்ணன் அடுத்தவர் வள்ளத்தில் கூலிக்குப் போகிறார். நாலு நாளாக அந்தப் புள்ளி என்னுடையது என்று யாரிடமும் சொல்லவில்லை. என்னை நினைத்தால் எனக்கே கேவலமாக இருந்தது.

போனில் வரைபடத்தைத் திறந்துவிட்டு, "சிக்னல் இல்லண்ணே" என்றேன்.

"குடு இங்கன" என்று அண்ணனின் மனைவி கிளாடிஸ் மைனி போனைப் பிடுங்கினாள். அண்ணனுக்கு எழுத்து தெரியாது, மைனி எட்டாவது வரை படித்தவள். புள்ளியைத் தொட்டால் தேதி, வகை, வைத்தவர் பெயர் எல்லாம் வரும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஒளிவுமறைவே கிடையாது என்று பயிற்சி வகுப்பில் நானே பெருமை பேசியிருக்கிறேன். மைனி கோயிலை அடையாளம் வைத்து விரலால் நகர்த்திக் கரைக்கு வந்தாள். தொட்டாள். உதடு அசைய வாசித்தாள்.

"எவன்ளா அது?" என்றார் அண்ணன்.

மைனி போனைக் கவிழ்த்து வைத்தாள். "பேரு போடல."

"எப்படிப் போடுவான், கள்ளப் பய! சரி, ஒரு மனுவாச்சும் எழுதிக் குடு டெல்பினு. உன்ன விட்டா எங்களுக்கு யாரு இருக்கா?"

மைனி உள்ளே போய்த் தாளும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நடந்தத எழுது" என்றாள்.

அனுப்புநர் என்று எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. கடல் காற்றுக்குத் தாள் படபடத்தது. அது பறந்துவிடாமல் இருக்க அண்ணன் குனிந்து, காய்த்துப்போன தன் விரல்களால் அதன் ஓரத்தை எனக்காக அழுத்திப் பிடித்துக்கொண்டார்.