சரி சொல்ல ஓர் ஆள்

அப்பா அந்த வரியை ஐந்தாவது முறையாகப் படித்தார். "கப்பல் காலையில் கிளம்பியது." படித்துவிட்டு நிமிர்ந்து, எதிரே காலியாக இருந்த மேஜையைப் பார்த்தார். பிறகு மறுபடியும், "கப்பல் காலையில் கிளம்பியது."

"என்ன கப்பலோ, கிளம்புது கிளம்புது, போய்ச் சேர மாட்டேங்குது," என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்த ரிட்டயர்டு நர்ஸம்மா. அவருக்கும் மறதிதான். ஆனால் வாய் மட்டும் எதையும் மறக்கவில்லை.

மறதி நோய் வந்த ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு பத்தி வாய்விட்டுப் படிக்கும் கூட்டம் அது. செவ்வாய்தோறும் முதியோர் பகல் நிலையத்தில் நடக்கும். நடத்துகிற டீச்சர் என்னைப் போன வாரமே தனியாக அழைத்துச் சொல்லிவிட்டார். "உங்கப்பா ஒரே வரியில நின்னுட்டா மத்தவங்களும் குழம்பிடறாங்க. அடுத்த வாரமும் இப்படின்னா, அதுக்கப்புறம் கூட்டிட்டு வர வேணாங்க."

வாரத்தில் அப்பா வாய் திறப்பதே இந்த ஒரு மணி நேரம்தான். இதுவும் போனால் அவரும் சுவரும்தான். என்ன ஏதென்று பார்க்கத்தான் தையல் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தேன்.

வந்து என்ன பிரயோஜனம்? எனக்கே தலை சுற்றியது. எழுத்து தெரிகிறது, உச்சரிப்பு சுத்தம், குரல் கணீரென்று இருக்கிறது. அப்புறம் ஏன் ஒரே வரி? ஆறாவது முறை கப்பல் கிளம்பியபோது பொறுமை போய்விட்டது.

"சரிப்பா, சரி!" என்று எரிந்து விழுந்தேன்.

"கரையில் ஒருவரும் கையசைக்கவில்லை," என்று அப்பா அடுத்த வரிக்குப் போனார். நிறுத்தினார். மேஜையைப் பார்த்தார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சரி," என்று சொல்லிப் பார்த்தேன். அடுத்த வரி வந்தது.

அப்போதுதான் உறைத்தது. அப்பாவும் அம்மாவும் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவர்கள். கையெழுத்துப் பிரதியை அப்பா உரக்கப் படிப்பார். எதிர் மேஜையில் அம்மா அச்சான தாளில் விரல் வைத்துக்கொண்டே வருவாள். அவள் "சரி" சொல்லாமல் அடுத்த வரி கிடையாது. பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். மறதி யாருக்கு என்று வெட்கமாகிவிட்டது.

நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டேன். அவர் படிக்க, நான் சரி சொல்ல, பத்தி முடிந்தது. மற்றவர்களும் படித்து முடித்தார்கள். "இனிமே நீங்களும் வந்துடுங்க," என்றார் டீச்சர்.

எல்லாரும் எழுந்தபோது அப்பா மட்டும் என்னை உற்றுப் பார்த்தார். "விரல் வைக்காமயே சரி சொல்றீங்களே. புதுசா?"

"ஆமா... புதுசுதான்."

"அவ லீவா?"

அம்மா போய் இரண்டு வருஷமாகிறது. போன மாதம் உண்மையைச் சொன்னேன். அவள் அன்றுதான் செத்ததுபோல் அழுதார். மறுநாள் மறுபடியும் அம்மா எங்கே என்று கேட்டார். இப்போது எதைச் சொல்வது? நான் யாரென்றாவது சொல்வதா?

"லீவுதாங்க. அவங்க வர்ற வரைக்கும் நான் பாத்துக்கறேன்."

"அப்ப முதல்லேர்ந்து வருவோம். விரல் வைங்க."

நர்ஸம்மா விட்டுப்போன பிரதியை எடுத்து விரல் வைத்தேன். எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது.

"கப்பல் காலையில் கிளம்பியது," என்றார்.

நான் சரி சொல்லக் கொஞ்சம் நேரமாயிற்று. அவர் காத்திருந்தார்.