மாடியில் நின்ற தண்ணீர்

சகாதேவன் மெட்ராசில் வீட்டு பிளான் வரைகிறவன். மூன்று தலைமுறையும் ஒன்றாக இருக்கத் தன் வீட்டையும் தானே வரைந்தான். மரக்காணம் உப்பளத்தில் உழைத்துத் தேய்ந்த அப்பா சிங்காரத்துக்குக் கீழேயே தனி அறை, கட்டில், ஃபேன். கிழவர் இனி ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடக்கூடாது என்பது அவன் வீம்பு. அவர் முட்டிவலியை நினைத்து மாடிப்படியே வைக்கவில்லை.

தளம் போட்ட சமயம் அப்பா வந்திருந்தார். கான்கிரீட் இறுகுவதற்காக மேலே மண்வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள். கொத்தனாரின் ஏணியில் ஏறிப் பார்த்த அப்பாவுக்கு இறங்க மனமில்லை. அவருக்கு அது உப்புப் பாத்தியேதான். கசிந்த வரப்பை மிதித்து இறுக்கினார், பேரப்பிள்ளைகளை வைத்துத் தண்ணீர் திருப்பினார். முட்டிவலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தளம் இறுகியதும் வரப்பை உடைத்தார்கள். ஏணியும் போயிற்று. குடிவந்த பிறகு கட்டிலில் உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்த அப்பா, பொங்கல் கழிந்ததும் சொல்லாமல் ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

அழைத்துப்போக வந்த சகாதேவன் உப்பள வரப்பில் நின்றான். அப்பா பாத்தியில் இறங்கிச் சேறு மிதித்துக்கொண்டிருந்தார்.

“அங்க உனக்கு இன்னாப்பா கொறை?”

“ஒரு கொறையும் இல்லடா. மாடிக்குப் படி மட்டும் வெச்சிடு. மேல நாலு செடி போட்டுக்கினு, பசங்களோட எதுனா செஞ்சினு கெடப்பேன். இப்பவே வர்றேன்.”

“வெக்கிறேம்பா” என்றான் சகாதேவன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. படி வைக்க அந்த வீட்டில் இருந்த ஒரே இடத்தில்தான் அப்பாவின் அறையைக் கட்டியிருந்தான்.