வற்றக் காய்ச்சிய தண்ணீர்

பாத்திரத்தில் தண்ணீர் பாதியாக வற்றும்வரை மூத்த மருமகள் அடுப்பை அணைக்க மாட்டாள். இளையவளின் இரண்டு மாதக் குழந்தைக்குப் பால்பொடி கலக்கும் தண்ணீர் அது. இளையவளுக்குப் பால் சரியாக ஊறவில்லை, விடுப்பும் முடிந்துவிட்டது, புருஷனுக்கோ வெளியூர் வேலை. காலையில் தையல் ஆலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். அதுவரை பிள்ளை பெரியம்மாவின் கையில்தான்.

"தண்ணியக் காய்ச்சுறியா, இரும்ப உருக்குறியா?" என்று கூடத்திலிருந்து மாமியார் கேட்டாள். "கேஸ் என்ன உங்கப்பன் வீட்டுலேருந்தா வருது?"

மூத்தவள் தீயைக் குறைக்கவில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். இவளோ சூடு கண்ட பிறகுதான் அடுப்பை விட்டு நகராதவள் ஆனாள். போன வருடம் மழைக்காலத்தில் அவளுடைய மூன்று மாதப் பெண்குழந்தை, உதடு நீலம் பாரித்து, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்குள் அடங்கிப்போனது. புட்டியைக் கழுவவில்லை, தண்ணீரை ஒழுங்காகக் காய்ச்சவில்லை என்று மாமியார் தீர்ப்புச் சொன்னாள். தெருவும் தலையாட்டியது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லைதான். தாலி கட்டியவன் தன் வாயையாவது திறந்திருக்கலாம். அவன் திறக்கவில்லை.

அன்று மதியம் பால் குடித்து முடித்த பிள்ளை முனகியது. தூக்கிப் பார்த்தாள். உதடு நீலம், நகக்கண் நீலம். ஏற்கெனவே ஒருமுறை அவள் பார்த்த நிறம். "ஏங்க!" என்று அவள் போட்ட கூச்சல் மேட்டிலிருந்த முட்டைக்கோஸ் தோட்டம்வரை கேட்டது. கணவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு மண் கையோடு ஓடி வந்தான்.

ஆட்டோவில் மாமியார் மார்பில் அடித்துக்கொண்டாள். "ஒண்ண முழுங்கினது பத்தலையாடி உனக்கு?"

"நான் தொட்டிருக்கவே கூடாது அத்தே," என்றாள் மூத்தவள். அடுத்தவர் சொன்ன பழியை அவளே நம்பிவிட்டிருந்தாள். அதைவிடக் கொடுமை வேறென்ன இருக்கிறது?

ஆஸ்பத்திரியில் பிராணவாயு வைத்தார்கள். நீலம் அசையவில்லை. ஆலையிலிருந்து தலையெல்லாம் நூல்பிசிறோடு ஓடி வந்த இளையவள், கண்ணாடி வழியே பிள்ளையைப் பார்த்தாள். பிறகு மூத்தவளைப் பார்த்தாள்.

"அக்கா, உங்கள நம்பித்தானே விட்டுட்டுப் போனேன்?"

உள்ளே பிள்ளையின் கையிலிருந்து எடுத்த ரத்தம் சிவப்பாக இல்லை. கோகோவைக் கரைத்ததுபோல் பழுப்பாக இருந்தது. டாக்டரம்மா அவசரமாக வெளியே வந்தாள்.

"பாலுக்கு என்ன தண்ணி கலக்குறீங்க?"

"கிணத்துத் தண்ணி, டாக்டரம்மா. சத்தியமா நல்லாக் காய்ச்சித்தான் குடுத்தேன். பாதியா வத்துற வரைக்கும் இறக்க மாட்டேன்."

டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினாள். "கிருமியா இருந்தா செத்திருக்கும்மா. இது நைட்ரேட், உப்பு மாதிரி. தண்ணி வத்தும், அது வத்தாது. பாதியாக் காய்ச்சினா ரெண்டு பங்கா நிக்கும். பெரியவங்க உடம்பு தாங்கிடும். பச்சப்பிள்ள ரத்தத்தால அப்புறம் மூச்சுக்காத்த ஏந்திட்டுப் போக முடியாது. இதுக்கு மருந்து இருக்கு, ஆனா இங்க இல்ல. பெரிய ஆஸ்பத்திரிலேருந்து வந்துட்டிருக்கு. வர்ற வரைக்கும் பிள்ள தாங்கணும்." பிறகு கேட்டாள்: "கிணத்துக்கு மேல என்ன இருக்கு?"

"என் தோட்டம்," என்றான் மூத்தவளின் கணவன்.

அவனுக்குத் தெரியாத விஷயமில்லை. நைட்ரேட்டுக்குள் இருக்கும் நைட்ரஜனுக்கு விவசாயி வாயில் தழைச்சத்து என்று பெயர். காற்றில் கொட்டிக் கிடக்கிறது, ஆனால் பயிரால் நேராக எடுக்க முடியாது. பயற்றஞ்செடியின் வேர் முடிச்சில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதைப் பிடித்துத் தரும். பயிர் தின்னும், பயிரை மாடும் மனிதனும் தின்பார்கள், சாணமும் சருகும் மண்ணுக்குத் திரும்பும், மண்ணில் இருக்கும் வேறு நுண்ணுயிர்கள் மிச்சத்தைக் காற்றுக்கே அனுப்பிவிடும். யாரும் ஏவாமல் நடந்துவந்த வேலை. அவனும் முன்பு ஒரு போகம் பயறு போட்டவன்தான். அந்த மாதங்கள் வீண் என்று தோன்றியது, விட்டுவிட்டான். பக்கத்துத் தோட்டக்காரன் ஒரு மூட்டை யூரியா போட்டால் இவன் இரண்டு போட்டான். இலை கருகருவென்று வந்தது. செடி தின்றது போக மிச்சமெல்லாம் மழையோடு இறங்கி, தெருவே குடிக்கும் கிணற்றில் சேர்ந்தது. போன வருடம் உரம் போட்ட கையோடு அடைமழை பிடித்தது. "உரமெல்லாம் போச்சே!" என்று தலையில் கைவைத்தவன், எங்கே போச்சு என்று யோசிக்கவில்லை. அந்த மழைக்காலத்தில்தான் அவன் பெண் செத்தாள்.

மருந்து வந்தது. அதுவும் நீலமாகத்தான் இருந்தது. நரம்பில் மெல்ல மெல்ல ஏற்றினார்கள். நான்கு பேரும் கண்ணாடியை ஒட்டி நின்றார்கள். யாரும் யாரையும் தொடவில்லை. வெகுநேரம் கழித்துப் பிள்ளையின் உதட்டில் லேசாகச் சிவப்பு ஊறியது. பிறகு அது வீறிட்டு அழுதது. இளையவள் தரையில் உட்கார்ந்து தானும் அழுதாள்.

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ ஒருத்தி அப்படி வத்தக் காய்ச்சாம இருந்திருந்தா…" என்று ஆரம்பித்தாள்.

"போதும்மா!" என்றான் மகன். "எம்பொண்ணக் கொன்னது அவ இல்ல, நான். தோட்டத்துல கொட்டினதும் நான்தான். நீ அவளப் பேசினப்பல்லாம் வாய மூடிட்டு நின்னதும் நான்தான்." மனைவியின் கையைப் பிடிக்கப் போனான். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"மண்ணுல கொட்டினா மண்ணோட போயிடும்னு நெனச்சீங்க," என்றாள். ஒரு வருடத்தில் அவள் நிமிர்ந்து பேசியது அப்போதுதான். "எம்மேல பழியக் கொட்டினா என்னோட போயிடும்னு நெனச்சீங்க. கொட்டினது எதுவும் எங்கயும் போறதில்லீங்க. சுத்தி வந்து நம்ம வீட்டுப் பச்சப்புள்ள வாயிலதான் விழுது."

அவன் தலை குனிந்தான்.

"இங்க நின்னு அழுது என்ன ஆகப்போகுது? இந்த நேரத்துலயும் தெருவே அந்தக் கிணத்துலதான் தண்ணி எடுத்துட்டிருக்கும். அடுத்த வீட்டுக்காரி கைப்பிள்ளைக்காரி. போங்க. ஒவ்வொரு வாசல்லயும் நின்னு, குடிக்காதீங்கன்னு சொல்லுங்க. எம்பொண்ணு எப்படிச் செத்துப்போனாங்கறதையும் சொல்லுங்க. என்னைப் பேசின ஒரு வீட்டையும் விட்டுடாதீங்க."