வண்டிக்கு நெற்றி எது

சனிக்கிழமை மத்தியானம் சாவி மறுபடியும் பாதியில் நின்றது. மெல்ல ஆட்டி, கெஞ்சி, முழுசாக உள்ளே தள்ளினால் திரும்ப மறுத்தது. நான் வண்டியின் முன்னால் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சாவித் துவாரத்துக்குள் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. உள்ளே ஏதோ ஒரு குட்டி ஊர், எல்லாக் கதவுகளையும் சாத்திக்கொண்டு தூங்குவது போலிருந்தது.

எனக்கு அந்த வண்டி வேண்டும். அத்திப்பட்டில் ஒரு சரக்குக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ராயபுரத்திலிருந்து ரயில் பிடித்து, இறங்கி, ஷேர் ஆட்டோவில் யார் மடியிலாவது பாதி உட்கார்ந்து போன காலம் உண்டு. வண்டி வாங்கிய பிறகு திருவொற்றியூர் தாண்டியதும் வலது பக்கம் கடல் கூடவே வரும். எண்ணூரின் புகைபோக்கிகள் தூரத்தில் கப்பல் பாய்மரங்கள் மாதிரி நிற்கும். அந்த நேரம் முழுக்க எனக்கே எனக்கு.

அம்மாவுக்கு அந்தச் சாலை என்றாலே கன்டெய்னர் லாரிதான். சாவி சிக்க ஆரம்பித்ததும் அவளுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

"மாதா தடை போடுறாங்க ஹில்டா. உனுக்குத்தான் புரிய மாட்டேங்குது. நாளைக்கு பூசைக்கு இந்த வண்டில வந்து நில்லு, நான் வாயே தொறக்க மாட்டேன். வண்டி கெளம்பலையா, திங்கக்கெழம வித்துடணும். இன்னா, சரியா?"

சரி என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். அதனால்தான் பெரியம்மா மகன் ஃப்ரெடியை வரச் சொன்னேன். காசிமேட்டில் படகுகளுக்கு வயரிங் பார்ப்பவன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பாதி வாழைக்காய் பஜ்ஜியோடு வந்து சேர்ந்தான்.

"இன்னாமே, வண்டி வேலநிறுத்தமா?"

"சாவி திரும்பல ணா. ஸ்பேர் சாவி போட்டேன், அதுவும் இதே கதைதான்."

"அப்ப சாவி தேயல. உப்புக் காத்து. உள்ள துரு புட்சிருக்கும். பூட்டையே மாத்தணும்."

"நாளைக்குக் காலைல பூசைக்குள்ள வண்டி ஓடணும். இல்லன்னா, மாதாவே தடை போடுறாங்கன்னு அம்மா வித்துடும்."

"அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" பஜ்ஜியை முடித்துவிட்டு, பேட்டரி வயரைக் கழற்றினான். படகு சுவிட்சுகளுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை எடுத்து அதன் மெல்லிய குழலைத் துவாரத்துக்குள் நுழைத்தான். "துணி புடி. மூஞ்ச தள்ளி வெச்சிக்கோ."

பூட்டு இருமியது. அப்புறம் அதன் வாயிலிருந்து கறுப்பாக, கொழகொழவென்று ஒன்று வழிந்து வந்தது. துரு இல்லை. சாவியை நுழைத்து எடுத்தான். அதன் பற்களில் மை மாதிரி அப்பிக்கொண்டு வந்தது.

"இன்னாடி இது, பஜ்ஜி சட்டியக் கழுவுன மாதிரி கீது?"

நான் துணியை முகர்ந்தேன். ஸ்ப்ரேயின் காரமான நெடிக்கு அடியில் தேங்காய் எண்ணெய் வாசனை. அத்திப்பட்டின் நிலக்கரித் தூசி எவ்வளவு உண்டோ அவ்வளவும் அந்த எண்ணெயில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஃப்ரெடியும் முகர்ந்தான். "எவண்டா பூட்டுக்கு தேங்கா எண்ண ஊத்துனது? நீயா?"

"நான் எதுக்கு ணா ஊத்தப் போறேன்?"

அவன் மறுபடி அடித்தான். நான் துடைத்தேன். துணி தீர்ந்து பஞ்சுக்கு மாறினோம். கடைசியில் பஞ்சு சுத்தமாகவே வர ஆரம்பித்தது. கறுத்துப் போன துணியையும் பஞ்சையும் உருட்டி ஃப்ரெடி சந்தின் ஓரக் கால்வாய்ப் பக்கம் கையை ஓங்கினான்.

"அய்ய, அத்த கால்வால போடாதடா." அம்மா வாசலில் நின்றிருந்தாள். "மாதா கோயில்ல மந்திரிச்ச எண்ண அது. தொட்டி மண்ணுலதான் பொதைக்கணும்."

ஃப்ரெடியின் கை அப்படியே நின்றது. அவன் என்னைப் பார்த்தான். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"எது சித்தி மந்திரிச்ச எண்ண?"

அம்மா நைட்டிமேல் போட்டிருந்த துண்டைச் சரிசெய்தாள். "வெள்ளிக்கெழமன்னா வூட்ல எல்லாத்துக்கும் தடவுறதுதானே. ஃபிரிட்ஜுக்கு, கேஸ் சிலிண்டருக்கு, இவ தூங்கும்போது இவ நெத்தில. வண்டிக்கு மட்டும் தடவாம எப்படி வுடுறது? அம்மாம் தூரம் போறா."

"சரி. சாவி போடற ஓட்டைல எதுக்கு?"

"வண்டிக்கு நெத்தி எதுன்னு எனுக்கு இன்னா தெரியும்? பாத்தேன். நடுவுல அதுதான் இருந்துச்சு. செலுவ போட்டுட்டு மிச்சத்த உள்ள வுட்டேன்."

ஃப்ரெடி சந்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "அப்ப தடை போட்டது மாதா இல்ல. வாரா வாரம் நீதான் சித்தி போட்டுகினு இருந்துருக்கே."

அம்மா அவனை முறைத்தாள். என்னை முறைக்கப் பார்த்து, முடியாமல், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்குவதைப் பார்த்ததும் எனக்கும் அடக்க முடியவில்லை. எதிர்வீட்டு ஜன்னல் திறந்து என்ன விஷயம் என்று கேட்டார்கள். ஃப்ரெடி கறுத்த துணியை மட்டும் தூக்கிக் காட்டினான்.

துணியும் பஞ்சும் துளசித் தொட்டியில் முறையாக அடக்கம் செய்யப்பட்டன. இனி எண்ணெய் ஆகாது, தூசி ஒட்டாத உலர்ந்த பொடிதான் வேண்டும் என்றான் ஃப்ரெடி. நான் உள்ளே ஓடி, புத்தகத்துக்குள் வைத்திருந்த பென்சிலைக் கொண்டுவந்தேன். அதன் கரியைச் சுரண்டி, சாவியின் மேடு பள்ளங்களில் எல்லாம் தேய்த்து, உள்ளே விட்டு எடுத்து, மறுபடி தேய்த்தேன். அவன் பேட்டரி வயரை மாட்டினான்.

சாவி தண்ணீருக்குள் போவது போல உள்ளே போனது. திருப்பினேன். பச்சை விளக்கு எரிந்தது.

"நாளைக்குப் பூசைக்கு வரேம்மா," என்றேன்.

"நாளைக்கு வரது இருக்கட்டும். இரு, பொடவ மாத்திகினு வரேன். அந்த ரோட்டு இன்னாதான்னு நானும் பாத்துட்றேன்."

அப்படித்தான் அம்மா முதன்முதலாக என் பின்னால் ஏறினாள். காசிமேடு தாண்டும்வரை என் இடுப்பை இறுக்கிப் பிடித்தபடி ஜெபமாலை சொன்னாள். திருவொற்றியூரில் ஜெபம் நின்றது. கடல் தெரிந்ததும் கையைத் தளர்த்தினாள். வரிசையாக நின்ற லாரிகளைப் பார்த்து, "இன்னாத்துக்கு இவன் பின்னாலயே ஊர்ந்துகினு போற? எடம் கீதே, முந்து," என்றாள்.

அத்திப்பட்டில் என் கம்பெனி கேட் முன்னால் நிறுத்தினேன். அவள் இறங்கி, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள்.

"இம்மாந் தூரமாடி டெய்லி வர? வண்டி இல்லாம எப்படி?"

நான் பதில் சொல்வதற்குள் வண்டியின் முன்னால் போய் நின்று சாவியைப் பிடித்தாள். திருப்பினாள். பச்சை விளக்கு எரிந்தது. அணைத்தாள். மறுபடி திருப்பினாள். வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

"சோக்கா திரும்புது," என்று அவரிடம் சொன்னாள்.