பதினோரு நிமிட நடைவழி

சிரில் வீட்டு ஹாலிலிருந்து அவர் தங்கை ஐரினின் அறைக்கு நடந்து போக 2023ஆம் ஆண்டில் பதினோரு நிமிடம் ஆயிற்று. வீடு இருக்கும் மனை முப்பதுக்கு நாற்பது அடிதான். ஜீவனஹள்ளி நாலாவது குறுக்குத் தெருவில் நின்று பார்த்தால் மற்ற வீடுகளைப் போலவே அதுவும் பக்கத்து வீட்டு ஆதிகேசவனின் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே போய், மாதா படத்தைத் தாண்டி, இடப்பக்கம் திரும்பும் நடைவழியில் இறங்கினால்தான் தூரம் தெரியும். முதலில் ஆதிகேசவன் வீட்டு மிக்ஸி கேட்கும். கொஞ்சம் போனதும் பின் தெருக் கோயில் மணி, அதற்கப்புறம் காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் கொத்தமல்லி விற்பவளின் குரல், கடைசியாகக் கிழக்கு ரயில் நிலையத்தில் வண்டி வந்து நிற்கும் சத்தம். அதையும் தாண்டினால் ஐரினின் கதவு. அவளுடைய ஜன்னலைத் திறந்தால் ஒரு காலத்தில் கொல்லை முருங்கை தெரிந்தது. இப்போது பிளாட்பாரம் தெரிந்தது.

இதற்குக் காரணம் கந்தாயம். வீட்டு வரியை அந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். முன்பு வார்டு ஆபீஸ் ஆள் வந்து பார்த்து வரி போடுவார். பிறகு வீட்டுக்காரரே தன் வீட்டின் அளவு, வயது, குடியிருப்பது யார் என்பதையெல்லாம் படிவத்தில் எழுதி, வரியையும் தானே கணக்குப் போட்டுக் கட்டவேண்டும் என்று ஆயிற்று. மற்ற தெருக்களில் எப்படியோ தெரியாது. நாலாவது குறுக்குத் தெருவில் வீடுகள் அந்தப் படிவத்தைப் படித்தன, எழுதியபடி நடந்துகொண்டன. ஆதிகேசவன் ஆயிரத்து நூறு சதுர அடியை எழுநூறு என்று எழுதினார். மறுநாள் காலையில் அவர் கட்டில் அறைக்குள் குறுக்காகத்தான் கிடந்தது, நிலைப்படி நெற்றியை இடித்தது. குடும்பத்தில் இரண்டு பேர் சாப்பிட்டு எழுந்தபின்தான் மற்ற இரண்டு பேர் உட்காரமுடிந்தது. அவர் வருத்தப்படவில்லை. "குனிஞ்சு போனா என்ன சார், பில்லும் குனிஞ்சுடுச்சே" என்று சிரிலிடம் சொன்னார். அன்றுமுதல் சிரில் அவர் வீட்டுக் காபியைக் குடிப்பதில்லை.

சிரில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தாறு வருடம் தரப் பரிசோதகராக இருந்தவர். ஒரு திருகாணி மயிரிழை தடித்திருந்தாலும் பெட்டியோடு திருப்பி அனுப்பிய கை அவருடையது. அவர் அப்பா சவரிமுத்துவின் குடும்பத்தில் பொய்க்கணக்கு கிடையாது என்பதை மாதா கோயில் பங்குமக்கள் எல்லோரும் அறிவார்கள்; அறியாதவர்களுக்கு அவரே சொல்லுவார். ஒவ்வொரு ஏப்ரல் முதல் தேதியும் இஸ்திரி போட்ட சட்டையோடு போய்த் தெருவிலேயே முதல் ஆளாகக் கந்தாயம் கட்டுவார். முன்கூட்டிக் கட்டுகிறவர்களுக்கு நூற்றுக்கு ஐந்து தள்ளுபடி உண்டு. அது தமக்குத் தரப்படும் மரியாதை என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஐரின், தங்கவயலில் கணவர் இறந்தபின், 2008 டிசம்பரில் ஒரு டிரங்குப் பெட்டியோடும் தையல் மெஷினோடும் பிறந்த வீட்டுக்கு வந்தாள். பிள்ளைகள் இல்லை. வந்த முதல் மாதமே ஆயிரம் ரூபாயை உறையில் போட்டு அண்ணன் முன்னால் வைத்தாள். "வாடகைன்னு வெச்சுக்கோண்ணா. அண்ணன் வீட்டுல உக்காந்து சாப்பிடறான்னு பூசைக்கு வர்றவங்க யாரும் சொல்லக்கூடாது." சிரில் அவளுடைய ரோஷத்தை மதித்தார். அதே ரோஷம்தானே அவருக்கும். உறையை வாங்கிக்கொண்டு ரசீது எழுதிக் கொடுத்தார். வாடகை வாங்குகிறவன் அதை மறைக்கக்கூடாது என்பதால், 2009 ஏப்ரலில் அவள் அறையை 'வாடகைதாரர்' என்ற கட்டத்தில் காட்டினார். வாடகைக்கு விட்ட பகுதிக்கு வரி இரண்டு மடங்கு. அதையும் கட்டினார். அன்று மாலை நடைவழி ஒரு முழம் நீண்டிருந்தது.

வாடகைக்காரர் தள்ளித்தானே இருப்பார் என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒவ்வொரு ஏப்ரலிலும் சிரில் டேப்பைப் பிடித்து நடைவழியை அளந்தார். நீண்டிருந்ததை வாடகைப் பகுதியோடு சேர்த்து எழுதினார். எழுதியதால் அது மேலும் நீண்டது. நீண்டதால் மேலும் எழுதினார். 2013இல் ஐரின் ஹாலுக்கு வரும்போது காபியை பிளாஸ்கில் எடுத்து வந்தாள். 2017இல் வழியில் உட்கார ஒரு ஸ்டூல் போட்டார்கள். கிறிஸ்துமஸ் கேக் அவளிடம் போய்ச் சேர்வதற்குள் தட்டைத் தூக்கிச் சென்றவர் பாதியைத் தின்றுவிடுவார். அண்ணனும் தங்கையும் முதலில் தினமும் பேசிக்கொண்டார்கள், பிறகு ஞாயிறுதோறும், பிறகு உறை வரும் நாளில் மட்டும். 2022இல் அந்த வீட்டுக் கந்தாயம் மகன் டிரேவரின் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் இருந்தது.

அந்த வருடம் மருமகளாக வந்த ஜூலியா ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்தவள். பழைய படிவங்களையெல்லாம் பரப்பி வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் படித்தாள். "மாமா, வீடு கட்டுன வருஷம் 1994ன்னு போட்டிருக்கீங்க. அப்பதான் கட்டுனதா?" என்று கேட்டாள். 1956இல் அப்பா கட்டியது. 1994இல் தாம் மொசைக் போட்டு, மேலே கான்கிரீட் ஊற்றிப் புதுசாக்கியது என்றார் சிரில். "பழைய வீட்டுக்குத் தேய்மானம்னு நல்லா கழிப்பாங்க மாமா. நீங்க வீட்டோட வயசைக் குறைச்சுச் சொல்லிட்டு அதுக்குப் பணமும் கட்டிட்டிருக்கீங்க." தம் கையால் ஒரு தப்பு எழுதப்பட்டிருக்கிறது என்பது அவரை மிகவும் உறுத்தியது. 2023 படிவத்தில் 1956 என்று எழுதினார். மறுநாள் மொசைக் இருந்த இடத்தில் சிவப்புச் சிமெண்டுத் தரை இருந்தது. மேலே மரச்சட்டங்கள் வந்திருந்தன, சுவிட்சுகள் கறுத்து உருண்டிருந்தன. டிரேவர் தன் லேப்டாப்புக்கு எங்கே பிளக் போடுவது என்று ஒரு வாரம் தேடினான். பில் குறைந்தது. ஆனாலும் அதில் பெரும்பங்கு நடைவழியிலேயே இருந்தது.

"அத்தை ரூமை நம்ம சொந்த உபயோகம்னு காட்டிடலாம் மாமா" என்றாள் ஜூலியா.

"வாடகையை வாங்கிக்கிட்டு வாங்கலன்னு எழுதச் சொல்றியாம்மா?"

"அப்ப வாங்காதீங்க."

இதை ஐரினிடம் போய்ச் சொல்லப் பதினோரு நிமிடம் நடந்த ஜூலியா, திரும்பி வரவும் பதினோரு நிமிடம் நடந்தாள். அவள் கொண்டு வந்த பதில் இதுதான்: "வாடகை குடுக்கலன்னா இந்த வீட்டுல நான் யாரு? ஓசிச் சோறா?" அதோடு அந்தப் பேச்சு நின்றது.

2024 ஜனவரியில் ஐரின் நடைவழியின் நடுவில், ஏறக்குறைய மார்க்கெட் சத்தம் கேட்கிற இடத்தில், வழுக்கி விழுந்தாள். கூப்பிட்டது ஹாலுக்குக் கேட்கவில்லை. கொத்தமல்லிக்காரியின் குரலைக் கேட்டுக்கொண்டே இரண்டு மணி நேரம் கிடந்தாள். மீன் குழம்பு கொண்டுபோன ஜூலியாதான் பார்த்துத் தூக்கினாள். முட்டியைப் பார்த்த டாக்டர் ஒரு வேளைக்கு ஐம்பது அடிக்கு மேல் நடக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். அடுத்த ஏப்ரலில் நடைவழி பன்னிரண்டு நிமிடமாகிவிடும். ஐரின் அதையும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கவேண்டும். ஈஸ்டர் முடிந்ததும் ஊருக்கு வெளியே சிஸ்டர்கள் நடத்தும் முதியோர் இல்லத்துக்குப் போய்விடுவதாகச் சொல்லியனுப்பி, டிரங்குப் பெட்டியைத் துடைத்து வைத்தாள். சவரிமுத்துவின் மகள் இல்லத்தில் போய்ச் சாவதா என்று சிரில் அன்று முழுவதும் ஹாலில் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னவர்களை முறைத்தார்.

அந்த வாரம் ஜூலியா வீட்டுப் பத்திரங்களை எடுத்தாள். வீடு கட்டிய வருடத்துக்குச் சான்று கேட்டால் காட்டவேண்டும் என்பதற்காகத்தான் எடுத்தாள். 1981இல் சவரிமுத்து உயில் எழுதாமல் இறந்திருந்தார். அடுத்த மாதமே வீட்டின் காத்தா, அதாவது வார்டு ஆபீஸ் பதிவு, சிரில் ஒருவர் பெயருக்கு மாறியிருந்தது. அவள் தாள்களை இரண்டு முறை புரட்டினாள்.

"இதுல அத்தை கையெழுத்து எங்க மாமா?"

"அவ அப்ப கல்யாணமாகித் தங்கவயல்ல இருந்தா."

"இருந்தா என்ன? தாத்தாவுக்கு ரெண்டு பிள்ளைங்கதானே. உயில் இல்லன்னா பாதி அவங்களோடது."

ஜூலியா அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். சிரில் மூன்று நாள் அந்தத் தாள்களையும் தம் பழைய படிவங்களையும் மாற்றி மாற்றிப் படித்தார். தங்கைக்குச் சேரவேண்டியதை எடுத்துக்கொள்ளவேண்டும் என்று அவர் ஒரு நாளும் நினைத்தவர் இல்லை. வீடு மகனுக்கு என்று ஊரே சொன்னது, ஆபீசும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. மயிரிழைக்குப் பெட்டியைத் திருப்பி அனுப்பியவர், பாதி வீடு உள்ளே வந்தபோது அளந்து பார்க்கவில்லை. அதோடு, வீட்டுக்குப் பாத்தியப்பட்டவள் வாடகைக்காரியாக இருக்கமுடியாது. அப்படியானால் 2009 முதல் அவர் இஸ்திரிச் சட்டையோடு போய்க் கட்டிய ஒவ்வொரு படிவமும் பொய். பொய் சொல்லி வரியைக் குறைத்தவர்களை அந்தத் தெருவுக்குத் தெரியும். பொய் சொல்லி இரண்டு மடங்கு கட்டியவர் அவர் ஒருவர்தான்.

நாலாவது நாள் காலையில் முகம் மழித்துக்கொண்டு நடைவழியில் இறங்கினார். எழுபத்துநாலு வயதில் ஸ்டூலில் உட்காராமல், சுவரைப் பிடிக்காமல் நடந்தார். ஐரின் மெஷின் முன்னால் ஒரு பாவாடைக்கு நாடாப் பட்டி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் வாசலிலேயே நின்று, மூச்சு வாங்க, நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். வாங்கிய வாடகையை எல்லாம் திருப்பித் தருவதாகவும் சொன்னார். அவள் மெஷின் சக்கரத்தைக் கையால் நிறுத்தினாள்.

"அப்ப பதினஞ்சு வருஷமா என் வீட்டுக்கு நானே வாடகை குடுத்திருக்கேனா?"

"ஆமா."

"ரசீதோட."

"ஆமா."

கோபத்தில் ஐரினுக்கும் அப்பாவைப் போலவே மூக்கு நுனி சிவக்கும். சிவந்தது. பிளாட்பாரத்தில் ஒரு வண்டி வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் புறப்பட்டுப் போனது. "உன்ன மாதிரி நேர்மையான ஆளு இன்னொருத்தர் இருந்திருந்தா நான் தெருவுலதான் நின்னிருப்பேன்" என்றாள். பிறகு, "நின்னுட்டே இருக்காத, உக்காரு. அந்தப் பணம் எனக்கு வேணாம், அதுல கந்தாயம் கட்டு. பேரை மட்டும் ஒழுங்கா எழுது. ஐரின் மேரி. ரெண்டும் வரணும்."

காத்தாவில் இரண்டாவது பெயர் ஏற நோட்டரி, சர்ச் சான்று, இறப்புச் சான்று என்று ஏழு நடை ஆயிற்று. அந்த வருடம் சிரில் தெருவில் முதல் ஆளாகக் கட்டவில்லை. ஏப்ரல் இருபத்தைந்தாம் தேதி, தள்ளுபடி முடிய ஐந்து நாள் இருக்கும்போது கட்டினார். உரிமையாளர்கள் சிரில், ஐரின் மேரி, சரி பாதி. கட்டிய வருடம் 1956. முழு வீடும் சொந்த உபயோகம். வந்த தொகை 2008இல் கட்டியதைவிடக் குறைவு. வரிசையில் பின்னால் நின்ற ஆதிகேசவன் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "எப்படி சார்?" என்று கேட்டார். "உள்ளதை எழுதுனேன்" என்றார் சிரில். இந்த முறை அதை மெதுவாகத்தான் சொன்னார்.

அன்று மத்தியானம் ஐரினின் அறையில் முதலில் ரயில் சத்தம் நின்றது. பிறகு கொத்தமல்லிக்காரி ஓய்ந்தாள். மாலை நாலு மணிக்குக் கோயில் மணியும் விலகியது, மிக்ஸி மட்டும் மிஞ்சியது. அவள் கதவைத் திறந்தபோது ஹால் நாலு எட்டில் இருந்தது. ஜூலியா டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்து, "வாங்க அத்தை, சீரியல் இப்பதான் ஆரம்பிச்சுது" என்று நகர்ந்து இடம்விட்டாள்.

மறுநாள் காலையில் சிவப்புத் தரை சரி பாதியாகப் பிரிந்திருந்தது. தெருப்பக்கம் சிவப்பாகவே இருந்தது. கொல்லைப் பக்கப் பாதி பச்சைச் சிமெண்டாக மாறி, மழித்த கன்னம்போல வழவழவென்று கிடந்தது. சிரில் டேப்பை வைத்து அளந்தார். ஒரு நூல்கூடப் பிசகவில்லை. கோடு ஹாலின் குறுக்கே ஓடி, அவர் தினமும் உட்காரும் நாற்காலியின் அடியில் போயிற்று. ஐரின் காபி டம்ளரோடு வந்து அதைப் பார்த்தாள்.

"அண்ணா, உன் நாற்காலி ரெண்டு கால் என் பக்கத்துல நிக்குது."

சிரில் உடனே குனிந்து நாற்காலியைத் தூக்கப் போனார்.

"இருக்கட்டும், வை. வாடகை கேக்கமாட்டேன். கேட்டா நீ போய் எழுதிடுவே."

அவர் நாற்காலியை அங்கேயே வைத்து உட்கார்ந்தார். அந்தத் தரை இன்றும் அப்படியேதான் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தப் பச்சைக்கு என்ன கலந்தீர்கள் என்று மட்டும் கேட்கிறார்கள்.