ஜவாஹிரின் வலது முழங்கால்

ஜவாஹிரின் முழங்காலை அவன் மனைவி ஸல்ஹா பகையோடுதான் பிடித்துவிட்டாள். சூடு காட்டிய நோவெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, முழங்கால் சில்லின் ஓரத்தில் பெருவிரலை அழுத்தி, தொடைப் பக்கமாக இழுப்பாள்.

"மெதுவா, கழுதை."

"மெதுவாப் பிடிச்சா எப்ப எழும்புறது? எப்ப என்ட தம்பிட வயித்துல அடிக்கிறது?"

அவள் சொன்னது பொய்யல்ல. சரக்குப் படகிலிருந்து அரிசி மூடையை ஜெற்றி மேடைக்கு ஏற்றும்போது ஜவாஹிர் ஏறுபலகையில் வழுக்கி விழுந்தான். முழங்கால் திருகிப்போனது. கொழும்புக்குப் போய் வெட்டித் தைக்கலாம் என்றார் டொக்டர். வெட்டினால் ஆறு மாதம் சுமை தொடக்கூடாது. சுமைகாரரின் வழக்கத்தில் தவணையோ மூன்று மாதம். காயப்பட்டவனின் வேலைக்கு அடையாளமான பித்தளை வில்லை அதுவரை கங்காணியிடம் இருக்கும். அதற்குள் வந்து பத்து மூடையை நிற்காமல் ஏற்றினால் வில்லை திரும்பும். இல்லாவிட்டால் பதிலுக்கு நிற்பவனுக்கு. பதிலுக்கு நின்றவன் ஸல்ஹாவின் தம்பி ஜெமீல்.

கங்காணி ஸஹாப்தீனும் ஜவாஹிர் திரும்புவதை விரும்பவில்லை. பலகையில் வழுக்காமலிருக்கக் குறுக்குக் கட்டை அடிக்காமல் விட்டது கங்காணிதான் என்று ஜவாஹிர் துறைமுக மேலதிகாரியிடம் சொல்லியிருந்தான்.

வெட்டு வேண்டாமென்று அவன் கிண்ணியாவுக்குப் போய் நாட்டு வைத்தியரான பரியாரி அபூதாஹிரைப் பார்த்தான்.

"எண்ணெய் நோவைத்தான் எடுக்கும். பாரம் தாங்குறது தொடை," என்றார் அவர். "கதிரையில இருந்து, கணுக்கால்ல மணல் பை கட்டி, காலை நீட்டி இருபது எண்ணு. பொறகு நிண்டுகொண்டு, முழங்கால் மடியாமத் தூக்கு. ஆறு மாசத்துக்குக் குந்தாத. குந்தினா என்னட்ட வராத."

"கக்கூசுக்கு?"

"கதிரையில ஓட்டை போடு."

ஓட்டை போட்டான். அந்தக் கதை ஜெற்றி முழுக்கப் பரவியது. இரண்டாம் மாதம் கடல் மணலின் பாரம் காணாது என்று புல்மோட்டைக் கறுப்பு மணலை நிரப்பினான். அதே பை ஏறக்குறைய இரண்டு மடங்கு கனத்தது. காலையும் மாலையும் தூக்கினான். ஸல்ஹா திட்டித் திட்டிப் பிடித்துவிட்டாள். ஒரு நாளும் தவறவிடவில்லை.

மூன்று மாதம் முடிவதற்கு முதல் நாள் ஜெற்றிக்கு வந்தான்.

"மாப்பிள்ளை வாறார், வழி விடுங்கடா," என்றான் ஸஹாப்தீன். "கதிரை எங்க?"

சுமைகாரர் சிரித்தார்கள். ஜவாஹிர் முதல் மூடையை முதுகில் வாங்கினான். பின்னால் ஜெமீல்.

"மச்சான், விழுறதெண்டா அங்கால விழுங்க. என்ட மேல விழாதீங்க."

"ஒன்ட மேல விழத்தான் வந்தனான்."

ஏழாவது மூடையில் சில்லுக்குள் ஆணி இறங்கியது போல வலித்தது. நிற்கவில்லை. பத்தாவதை அடுக்கில் போட்டுவிட்டுக் கையை நீட்டினான்.

ஸஹாப்தீன் இடுப்புப் பட்டியிலிருந்து வில்லையை எடுத்து அவன் காலடியில் எறிந்தான்.

"குந்தி எடு. குந்த ஏலாதவன் எனக்கெதுக்கு?"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜவாஹிர் இடது கையால் மூடை அடுக்கைப் பிடித்தான். வலது கால் விரல்களால் வில்லையைக் கவ்வினான். முழங்கால் மடியாமல் காலைத் தூக்கினான். தொடை நடுங்கியது. பாதம் ஸஹாப்தீனின் இடுப்புப் பட்டிக்கு நேரே போய் நின்றது.

"ஒண்டு... ரெண்டு... மூண்டு..."

"காலைக் கீழ போடுடா, நாயே!"

"இருபது எண்ணச் சொன்னவர் பரியாரியார். நாலு... அஞ்சு..."

இருபது வரை எண்ணினான். பிறகுதான் விரலிடுக்கிலிருந்து வில்லையைக் கையில் எடுத்தான். யாரும் சிரிக்கவில்லை. ஜெமீல் தோளில் கிடந்த சாக்கை உதறிப் போட்டுவிட்டுப் போனான்.

ஜவாஹிர் வீட்டுக்கு வந்தபோது எண்ணெய்ப் போத்தல் கதிரையில் இருந்தது. முழங்கால் வீங்கி, தோல் மினுங்கியது.

"வந்து பிடி."

"ஜெமீல் வந்திட்டுப் போறான். அவன்ட பொண்டாட்டிக்கு இது ஒம்பதாம் மாசம்," என்றாள் ஸல்ஹா. "இனி நீங்களே பிடிச்சுக்கொள்ளுங்க."

அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டாள். ஜவாஹிர் எண்ணெயை ஊற்றித் தேய்த்தான். மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவன், அவள் விரல் எங்கே போகிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

"எங்க அழுத்துறது?" என்று கத்தினான்.

குசினிக் கதவை ஸல்ஹா உள்ளிருந்து சாத்தினாள்.